ஏழு தடவை நேராக்கிய பேனா

மனநல ஆலோசகர் ஆவதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். பொருள்களில் குறை கண்டுபிடித்து ஒதுக்குவது என் வேலை. வீட்டிலும் அதையே செய்தேன். மனிதர்களை அப்படி ஒதுக்க முடியாது என்று உறைத்த பிறகு, மூன்று வருடம் படித்து ஜார்ஜ் டவுனில் ஓர் அறை எடுத்தேன். இங்கே நான் தீர்ப்புச் சொல்வதில்லை. வருபவரும் நானும் சேர்ந்தே வழி தேடுவோம்.

தாசேக் கெலுகோரிலிருந்து வந்த ஓர் அக்காவிடமும் இதைச் சொன்னேன். வீட்டில் கணவர் வாயே திறப்பதில்லை என்பது அவர் குறை.

“சேர்ந்து யோசிக்கணுமா? வழி தெரியாமலா போர்டு மாட்டி வச்சிருக்கீங்க?” என்றார்.

அடுத்த வாரம் வந்தவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

“பேனாவ ஏழு தடவ நேரா வச்சிட்டீங்க தம்பி. வீட்ல சண்டையா?”

“நாம உங்களப் பத்திப் பேசலாம்க்கா.”

“சேர்ந்துன்னு நீங்கதானே சொன்னீங்க? சொல்லுங்கலா.”

மனைவி கழுவி வைத்த தட்டுகளை நான் மறுபடியும் கழுவியதால் காலையில் பெரிய ரகளை. அதைச் சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

கைப்பையோடு எழுந்தவர் வாசலில் நின்றார்.

“பரவால்லையே தம்பி! நாம சும்மா உட்கார்ந்திருந்தா ஆம்பளைங்களும் பேசுறாங்க. இன்னிக்கே வீட்ல செஞ்சு பாக்கிறேன்.”

மூன்று வருடம் நான் படித்தது அதைத்தான்.