மொட்டை போட்ட ஞாயிறு

2025 நவம்பர் 9, ஞாயிறு. வழக்கம்போல் நாலரைக்கு எழுந்து, வாசல் பெருக்கி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அலிபிரியில் பஸ் ஏறி மலைக்குப் போனேன். திருப்பதியில் இத்தனை வருஷம் குடியிருந்தும் நான் மொட்டை போட்டுக்கொண்டது சின்ன வயதில் மட்டும்தான். மகனுக்கு வேலை கிடைத்தால் மொட்டை என்று வேண்டிக்கொண்டது என் மனைவி. வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது. மகன் வேலை கிடைத்து பெங்களூர் போனான். அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது; வேண்டுதல் மட்டும் பாக்கி இருந்தது.

அவள் இருந்தவரை வீட்டுக்குள் தமிழ் இருந்தது. இப்போது நாள் முழுக்கத் தெலுங்குதான். அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு. தமிழ்நாட்டு எல்லையோரம் எங்கள் சொந்த ஊரான நகரியில் இருக்கும் அண்ணன் தன் வீட்டு மாடியைக் காலியாக வைத்திருந்தார். "வந்துடுடா. அங்க யார்கூட பேசிக்கினு இருக்கப் போற? திங்கக்கெழம சொல்லு, இல்லன்னா வேற ஆளுக்கு விட்டுடறேன்" என்றிருந்தார். போய்விடலாம் என்று முக்கால்வாசி முடிவோடுதான் மலை ஏறினேன்.

சின்ன வயதில் நகரியில் மொட்டையோடு பள்ளிக்கூடம் போவது லேசான காரியமில்லை. சந்தனம் காய்வதற்குள் பின்பெஞ்சிலிருந்து மண்டையில் தட்டு விழும். முடி வளரும்வரை "மொட்ட பாஸு"தான். திருப்பதியில் மொட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து கீழே இறங்கியதும் நான் வெளியூர்க்காரன் ஆகிவிட்டேன். "திருச்சானூரா, காளஹஸ்தியா சார்?" என்று ஆட்டோக்காரர்கள் வழிமறித்தார்கள். தினமும் நான் டீ குடிக்கும் கடைக்காரரே அடையாளம் தெரியாமல் தமிழில் கூப்பிட்டார்.

"வாங்க சார், சாமி நல்லா பாத்தீங்களா? இட்லி சூடா கீது, துன்றீங்களா?"

"இட்லி வாணாம்பா. டீ குடு, சக்கர கம்மி" என்று நானும் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

குரலைக் கேட்டதும் வடிகட்டியைப் பிடித்த கை நின்றது. "அன்னா, மீரா?" அண்ணா, நீங்களா என்று தெலுங்கில் கேட்டார்.

"நான்தான்."

"இன்னாண்ணா, நீ தமிழா?"

"நகரி. நீ?"

"சத்தியவேடு பக்கம். எங்க நைனா காலத்துல வந்தோம். நீ பேசற தெலுங்க கேட்டு கடப்பா ஆளுன்னு நெனச்சிக்கினு, உன்னாண்ட பாத்து பாத்து பேசிக்கினு இருந்தேனே!"

நானும் அவரிடம் பார்த்துப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் சேர இந்த ஊருக்கு வந்தபோது, என் தெலுங்கில் தமிழ் வாடை அடிக்கிறதென்று "ஏய் அரவம்" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். தமிழர்களைக் கேலி செய்யும் சொல் அது. அந்தப் பெயர் போகவேண்டும் என்றே வாயைத் திருத்திக்கொண்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கக்கூடியவர்களும் கண்டுபிடிக்கவில்லை.

"இஸ்திரிக்காரர்கூட நம்ம பக்கம்தாண்ணா, பள்ளிப்பட்டு. மருந்துக்கடை ஐயா புத்தூரு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"அப்ப மொட்ட போட்டாத்தான் உன் வாயி தொறக்குமா?" என்றார். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வேண்டாம் என்ற இட்லியையும் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் இஸ்திரி வண்டிக்குப் போய், "சட்டை ஆயிடிச்சாங்க?" என்று தமிழில் கேட்டேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

இருவரும் வெகுநேரம் பள்ளிப்பட்டு பஸ்களைப் பற்றிப் பேசினோம். சட்டைகளை வாங்காமலே வீடு திரும்பியிருக்கிறேன்.

திங்கட்கிழமை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"மாடிய வேற ஆளுக்கு விட்டுடுண்ணா."

"ஏன்டா, அங்க யாரு கீறாங்க உனக்கு?"

"இப்பத்தான் ஒவ்வொருத்தரா தெரியிது" என்றேன்.