வாசனைக்கு ஒரு கரண்டி

அந்த ஹோட்டல் சமையலறையில் அவளை எல்லோரும் வெங்காய அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக வெங்காயம் உரித்து நறுக்குவதுதான் அவள் வேலை. "அக்காவுக்கு அழறதுக்குச் சம்பளம்" என்று பாத்திரம் கழுவுகிறவர் கேலி செய்வார். அவளும் சிரித்துவைப்பாள். வீட்டில் ஓசியில் அழுத கண்ணுக்கு இங்கே சம்பளமாவது கிடைக்கிறதே!

வீட்டுக்காரர் வயர்மேன். ஏணி மேல் நின்றுகொண்டே குடித்த மனிதர். டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்: "ஈரல்ல பாதிதான் மிச்சம். இனிமே தொட்டார்னா இங்க கூட்டிட்டு வராதீங்க." அதன்பின் பத்து மாதம் அவர் தொடவில்லை. அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். இருமல் மருந்தைக்கூட கடைக்காரரை லேபிள் படிக்கச் சொல்லித்தான் வாங்கினாள். அவர் சவரத்துக்குப் பிறகு தடவும் லோஷனைச் சாக்கடையில் கொட்டினாள்.

குடி போனது சரி, கூடவே பசியும் போய்த் தொலைந்தது. எதைச் சமைத்து வைத்தாலும் இரண்டு வாய்தான், தட்டைத் தள்ளிவிடுவார்.

ஹோட்டலில் மதியம் மிஞ்சுவதை வேலை செய்கிறவர்கள் டப்பாவில் எடுத்துப் போகலாம். அந்த மாதம் ஒயின் ஊற்றிச் செய்யும் கறிக்குழம்பு புதிதாக வந்தது. டப்பாவைத் திறக்குமுன் தலைமைச் சமையல்காரரிடம் நேரே கேட்டாள்.

"அண்ணே, இதுல சரக்கு நிக்குமா? வீட்ல அவரு..."

"ரெண்டு மணி நேரம் கொதிக்குதும்மா. எல்லாம் ஆவியாப் போயிடும். குழந்தைக்கே குடுக்கலாம்."

முப்பது வருஷம் அடுப்படியில் வெந்தவர் சொன்னால் வெங்காயம் நறுக்குகிறவள் என்ன எதிர்க்கேள்வி கேட்பாள்?

அன்று சாயங்காலம் முதல் வாயை வைத்ததும் அவர் சற்று நிறுத்தினார். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டார். "நாளைக்கும் இருக்குமா?" என்றார். அவள் சந்தோஷமாக டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளும் கொண்டுவந்தாள், அதற்கு மறுநாளும். அவர் வாசலில் காத்து நிற்பதைப் பார்த்து, "புது மாப்பிள்ளை கணக்கா நிக்கறாரே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இவள் வெட்கப்பட்டாள் வேறு, பாவி.

ஒன்பதாம் நாள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் லீவு. இவளை அங்கே நிறுத்தினார்கள். குழம்பு இறங்கியதும் தலைமைச் சமையல்காரர் பாட்டிலைத் திறந்து, பெரிய கரண்டி நிறைய ஒயினை ஊற்றிக் கிளறி மூடினார்.

"அடுப்பை அணைச்சப்புறமா அண்ணே?"

"இது வாசனைக்கும்மா. இல்லன்னா குழம்பு சப்புனு இருக்கும்."

ஊசி போகும் இடத்தையெல்லாம் பார்த்தவள், உலக்கை போகும் இடத்தைக் கோட்டைவிட்டிருந்தாள்.

அன்று டப்பாவில் வெந்த காய்கறிதான். அவர் திறந்து பார்த்து மூடினார்.

"எங்க அது?"

"அதை இறக்கினப்புறம் ஒரு கரண்டி ஒயின் ஊத்தறாங்க. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நானே என் கையால..."

"எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் வாய்லேயே."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ கொண்டு வரமாட்டியே."

எழுந்து சட்டையை மாட்டினார். அவள் ஓடிப்போய்க் கதவை மறித்தாள். அவர் முகத்தில் கோபமே இல்லை. நிதானமாகப் பட்டனைப் போட்டார்.

"வழி விடும்மா. கடைக்குப் போனா ஒரு கிளாஸோட திரும்பமாட்டேன், உனக்கே தெரியும். நீ கொண்டு வந்தா அந்த ஒரு கரண்டியோட நிக்கும். எது வேணும்னு நீயே சொல்லு."

"டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

அவரை அறையவேண்டும் போல் இருந்தது அவளுக்கு. காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நாளைக்குக் கொண்டு வரேங்க," என்றாள். "இன்னிக்கு மட்டும் போகாதீங்க."

மறுநாள் மதியம் தலைமைச் சமையல்காரர் அவள் டப்பாவில் குழம்பை ஊற்றினார்.

"வீட்டுக்காரர் இப்ப நல்லா சாப்பிடறாராம்மா?"

"சாப்பிடறாருண்ணே," என்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."