பனி இரவில் பதித்த கல்

காலை ஏழு மணிக்கு நான் முதலில் கண்டது, நீச்சல்குளத்து விளிம்பில் படிந்திருந்த வெண்பனி. இத்தாலியின் பலெர்மோ நகரில் அது அபூர்வம். ஆனால் நகருக்கு மேலே மலையிலிருக்கும் அந்த வீட்டில் ஜனவரியில் சில இரவுகள் உறையும். அங்கே அக்காவுக்குச் சமையல் வேலை, எனக்குத் தோட்ட வேலை. விளிம்பில் பெயர்ந்திருந்த கற்களை முதல்நாள் மாலை சீமெந்து வைத்துப் பதித்தவர் அக்காவின் கணவர். இலங்கையில், மன்னாரில், கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டும் மேசனாக இருந்தவர். திருத்த வேலைக்காகக் குளத்து நீரை முழுவதும் இறைத்திருந்தோம்.

"இறுகிட்டுதோ அத்தான்?" என்று கேட்டேன்.

"எத்தனை கிணத்துக்குக் கட்டுக் கட்டினவன் நான்! எங்கட ஊரில விடிய முதல் இறுகிடும். நீ போய் உன்ர பூக்கண்டைப் பார்" என்று சிரித்தபடி கல்லின் மேல் ஏறி நின்றார்.

கல் புரண்டது. ஆழமான பக்கத்தில் தலை அடிபட விழுந்தார். அக்கா அவருக்குக் கோப்பி கொண்டு வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அத்தான் இறந்தார். பிறகு அந்தக் கல்லைப் புரட்டிப் பார்த்தேன். இரவுக் குளிரில் ஈரம் உறைந்துபோனதால் சீமெந்து இறுகவில்லை. விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

இப்போது அந்த வேலையையும் நான்தான் செய்கிறேன்; பனி இரவுகள் முடியும்வரை சீமெந்தைத் தொடுவதில்லை. பிறகு பதித்தாலும் கல்லைச் சாக்கால் மூடி, ஒரு வாரம் யாரும் மிதிக்காதபடி கயிறு கட்டுகிறேன். வெயில் ஊரிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் சமைக்கிறார்.