பனங்காடையும் தாழ்ப்பாளும்

"…போனவ ரேஷன் கடையிலயே மாட்டிக்கிட்டேங்கண்ணே. க்யூ நகரவே இல்ல. இந்தா, தொறக்குறேன்," என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டபோது, மோட்டார் ரூமுக்குள் நான் உட்கார்ந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

கீரமங்கலத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற தங்கச்சி அவர்; மோட்டார் ரூமும் அவர் வயலில்தான். அவர் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான்தான். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போகச் சொன்னதும் நான்தான். சும்மா சாத்தினால் ஆடுகள் முட்டித் திறந்துவிடும், பறவை கலைந்துவிடும். அரை மணியில் வருகிறேன் என்று போனவர் செல்லை வீட்டிலேயே விட்டுவிட்டார். கத்தலாம்தான். கத்தினால் மேற்கு ஜன்னலுக்கு எதிரே கரண்டுக் கம்பத்தில் இருக்கும் பனங்காடை போய்விடும்.

உட்கார்ந்திருக்கையில் அது வெறும் தவிட்டு நிறம். சிறகை விரித்தால்தான் அந்த நீலம். அதை முகத்தோடு, எதிரே பறந்து வருகிறபடி, ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். மூன்று வருஷமாகக் கிடைக்கவில்லை. முகூர்த்தம் இல்லாத மார்கழிதான் எனக்கு ஓய்வு; அன்று மார்கழியின் கடைசி நாள்.

கல்யாண மண்டபத்துப் பழக்கம் என்னை விடவில்லை. 'அப்படியே இருங்க' என்றால் மாப்பிள்ளை மாலையும் கையுமாக நிற்பார். முதல் வருஷம் அந்த நினைப்பில் ஷட்டர் வேகத்தை நூற்றிருபத்தைந்திலேயே வைத்து எடுத்தேன். படத்தைப் பார்த்த தங்கச்சி, ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதே என்றார். அடுத்த வருஷம் இரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றினேன். சிறகு தெளிந்தது, ஆனால் எல்லாமே முதுகும் வாலும். கிளம்புகிற பறவை காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், கிழக்கே இருந்து காற்று அடிக்கையில் எடுங்கள், அப்போதுதான் உங்கள் பக்கம் வரும் என்று சொன்னதும் அவரே.

அன்று விடியலில் அப்படித்தான் அடித்தது. பனங்காடை இரண்டு தடவை நேராக என்னைப் பார்த்துப் பறந்து, கம்பத்துக்கே திரும்பியது. முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாவது தடவை, முன்னே எடுத்த படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் மண்டபத்துப் பழக்கந்தான்.

"மெதுவாம்மா, தொறந்துராத," என்றேன். கால் மரத்திருந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆயில் வாடையில் தலை கிறுகிறுத்தது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, இப்ப தாழ்ப்பாளை இழு, அந்தச் சத்தத்தில் பறக்கட்டும் என்றேன்.

அவர் சுவரோரமாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"காத்து நின்னு போச்சுங்கண்ணே. மேக்க பாத்து உக்காந்திருக்கு. இப்ப இழுத்தா இன்னொரு முதுகுதான்."

முதுகானாலும் பரவாயில்லை, திறந்துவிடு என்றேன்.

"எங் கல்யாணத்துல என்னைய மாலையோட எம்புட்டு நேரம் நிப்பாட்டி வச்சீங்க? இருங்கண்ணே. காத்து வரட்டும்."

ரேஷனில் வாங்கிவந்த பொங்கல் கரும்பைச் சுவரில் சாத்தி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு லேசாக உள்வாங்கியது. அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார்.