பழவேற்காட்டில் நான்காவது நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய்வந்தேன். பூநாரை பார்க்க அல்ல, ஒரு நாற்காலிக்காக. சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்துவிடுங்கள்; என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து பிரிட்டனில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, போர் விமானங்களை உருக்கிய அலுமினியத்தில் வார்த்த நாற்காலி அது. பத்தாவதைத் தாண்டாத எனக்கு இதெல்லாம் இணையத்தில் படம் பார்த்து வந்த ஞானம். என்னிடம் மூன்று இருக்கின்றன. நாலாவது கிடைத்ததும் நாம் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

அந்த நாலாவது, பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் ஏலம் நடப்பதை யாரோ இணையத்தில் போட்டிருந்த படத்தில் தற்செயலாகத் தென்பட்டது. படம் போட்டவரைப் பிடித்து, நாற்காலிக்காரர் எத்திராஜின் நம்பரை வாங்கினேன். "எங்க நைனா பங்களா வேலைல இருந்தப்ப தூக்கியாந்த சேரு சார். குந்துற எடம் கிழிஞ்சி கெடக்குது. வந்து எடுத்துக்கினு போ" என்றார்.

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் பொன்னேரி, பத்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து பழவேற்காடு சுமார் இருபது கிலோமீட்டர். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். நாற்காலி தேடிப் போகிறவனுக்கு சீட் கிடைக்கவில்லை. பாலம் தாண்டி எத்திராஜின் குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ.

வாசலிலேயே பளபளவென்று நீலமாக நின்றது. படகுக்கு அடிக்கும் பெயிண்ட். மணலில் புதையாமல் இருக்க, கால்களில் ஓட்டை போட்டுப் பலகை முடுக்கியிருந்தார்கள். பழைய துணி போய், வலை நூலில் நெருக்கிப் பின்னிய இருக்கை. என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு அந்தப் பழைய பெயிண்டும் கிழிசலும்தான் சொத்து.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார் எத்திராஜின் மனைவி கஸ்தூரி. "நீதான போன்ல நாலு வாட்டி கேட்ட, நல்லா கீதா, நல்லா கீதானு? அதான் இந்தாளு ஏரிக்குப் போவாம குந்திப் பின்னிச்சு."

பெயிண்டைச் சுரண்டிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "எடுத்துக்கட்டுமா?" என்றேன்.

எத்திராஜ் தலையைச் சொறிந்தார். "கிழிஞ்சதுனுதான் சார் குடுத்துடலாம்னு இருந்தேன். இப்பதான் சோக்கா ஆயிடுச்சே!"

"மொகத்த அப்டி வெச்சிக்காத சார். வோணா நீயும் ஒரு வாட்டி குந்திப் பாரு" என்றார் கஸ்தூரி.

உட்கார்ந்தேன். அந்த வகை நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சுகமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறும் போட்டார்கள், கோபப்படக்கூட வழியில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், கூட்டம். பழைய பொருளுக்குப் போன் செய்தால் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எப்படி இருக்கிறது என்று வாய் தவறியும் கேட்காதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தது. மகள் போன் செய்தாள். "கிடைச்சுதாப்பா?"

"இல்லம்மா."

"அப்போ மத்த மூணுலயும் இன்னும் உக்காரக்கூடாதா?"

பஸ் இரைச்சலில் காதில் விழாததுபோல் போனை வைத்துவிட்டேன்.