காய்ந்து கிடக்கும் வாசல்

இருபது நாளாக என் வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கவில்லை. கோலமும் இல்லை.

செவலை வந்ததிலிருந்து அப்படித்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிடந்த நாய். கடைக்காரி கொதிக்கிற தண்ணீரை வாளியோடு அதன் முதுகில் ஊற்றிவிட்டாள். நான்தான் தூக்கி வந்தேன்.

புண் ஆறிவிட்டது, முடிதான் முளைக்கவில்லை. காலையில் வாளியை எடுத்தால் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்குகிறது. அன்றெல்லாம் சோறு தின்பதில்லை. அதனால் வாளியை எடுப்பதையே விட்டேன்.

இன்று அந்தக் கடைக்காரியே எங்கள் தெருவில் வந்தாள்.

"இன்னா ஆயா, வாசல் காஞ்சி கெடக்குது? வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"யாரும் சாவல. நீ ஊத்துன தண்ணிதான் இன்னும் காயல," என்றேன்.

குரல் கேட்டுச் செவலை வெளியே வந்தது. வாலாட்டிக்கொண்டு போய், ஊற்றிய அந்தக் கையையே நக்கியது.

"பாத்தியா, அதுவே மறந்துட்ச்சி. நீதான் புட்ச்சிக்கினு தொங்கற," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு வாளியைத் தொட்டுப் பார்த்தேன். செவலை கட்டிலுக்கடியில் இருந்தது.

அது வாளியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. அவளை ஞாபகம் வைத்திருக்க நான் இருக்கிறேன்.

தண்ணீர் தெளிக்காமல் மண்வாசலில் கோலம் நிற்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.