பையில் சட்டைகளோடு வந்தவர்

தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், நான் மோட்டார் படகு ஓட்டப் பழகிய பயிற்சி நிலையத்துக்கு ஒருநாள் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். ஒடிசலான மனிதர். மூக்குக்கண்ணாடியை ரப்பர் பட்டையால் பின்தலையோடு கட்டியிருந்தார். தோளில் ஒரு துணிப்பை. வெளியூரில் தங்கப் போகிறவர் என்று நினைத்தேன்.

எதைக் காட்டினாலும் "சரிப்பா" என்றார். பிறகு உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, தானே ஓட்டுவதாகச் சொல்லி உட்கார்ந்தார். எனக்குப் பயிற்சி தரும் மாஸ்டரும் நானும் பின்னால் ஏறினோம்.

ஓட்டுபவர் காலில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கயிறு உண்டு. அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். பழகுகிறவர்கள் காலை அசைக்கும்போதெல்லாம் நின்று தொலைக்கிறது என்று, மாஸ்டர் அதை ஸ்டியரிங்கிலேயே கட்டியிருந்தார், ஆயுத பூஜைக்குப் போட்ட எலுமிச்சை மாலைக்குப் பக்கத்தில்.

நடு ஆற்றில் ஆய்வாளர் சட்டென்று தண்ணீரில் குதித்தார்.

எஞ்சின் நிற்கவில்லை. ஓட்ட ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் தலையை நோக்கியே திரும்பியது. நான் அலறினேன். மாஸ்டர் பாய்ந்து சாவியைத் திருகியபோது ஆய்வாளர் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார் இது! கயித்த ஸ்டியரிங்ல கட்டியிருக்கறத நீங்க பாக்கலியா?" மாஸ்டர் அவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

"பாத்தேம்பா. வாயால சொன்னா ரெண்டு நாளு அவுத்து வெப்ப, அவ்ளோதான்."

கரையேறியதும் பையைத் திறந்து உலர்ந்த சட்டை ஒன்றை எடுத்தார். அதனடியில் இன்னும் இரண்டு மடித்து வைத்திருந்தார்.

"எதுக்கு சார் இத்தினி சட்ட?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இன்னும் ரெண்டு செண்டர் பாக்கணுமே" என்றார்.